நரியன் வடிகாலின் உரிமையாளர்கள்

மேலநங்கைச்சேரி ராஜராஜனுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவருடைய அப்பா. தஞ்சாவூர்ச் சீமையில் ஆண் பிள்ளைக்கு ராஜராஜன் என்று பெயர் வைப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. தேடினால் தெருவுக்கு ஒருத்தர் தேறுவார். மற்றவர்கள் அந்தப் பெயரை ஆதார் அட்டையில் விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். நம்மவர் மட்டும் அதைக் கொஞ்சம் நம்பிவிட்டார்.

ஆள் கெட்டவரில்லை. இரண்டு டிராக்டர், ஒரு அறுவடை மெஷின், தண்ணீர் தேங்காத மேட்டு நிலம், கனைத்தால் தெருக்கோடிவரை கேட்கும் தொண்டை. எல்லாம் இருந்தும் ஒரு குறை. கல்யாணப் பத்திரிகைகளில் அவர் பெயர் வெறும் ‘ராஜராஜன்’ என்றே வந்துகொண்டிருந்தது. பெயருக்கு முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. மைத்துனன் வீட்டுப் பத்திரிகையில் யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரருக்கு ‘மேனாள் கூட்டுறவுச் சங்க இயக்குநர்’ என்று அச்சடித்திருந்ததைப் பார்த்த அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பல வருஷமாக நடக்காமலிருந்த ஊராட்சித் தேர்தல் அந்த மார்கழியில் நடந்தது. ராஜராஜன் நின்றார். ஊராட்சித் தேர்தலில் கட்சி கிடையாது, சின்னம் மட்டும்தான் என்பது சட்டம்; அந்தச் சட்டத்தை மதித்து எல்லாக் கட்சிக்காரர்களும் ராப்பகலாக வேலை பார்த்தார்கள். அவருக்குப் பூட்டு சாவிச் சின்னம் கிடைத்தது. எதிர்த்து நின்றவன் நெல் வியாபாரி மீரா உசேனின் மருமகன் ஃபஹத். பையன் தோற்றான். ஆனால் மீரா உசேன் தன் வார்டில் ஜெயித்து, உறுப்பினர்கள் ஓட்டில் துணைத் தலைவராகி, ராஜராஜனுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். எந்தக் காகிதத்தையும் மூன்று தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாதவர். மூன்றாவது தடவை படிக்கும்போது ராஜராஜனுக்கு எப்போதும் ரத்தக் கொதிப்பு ஏறும்.

புதுத் தலைவர்களுக்குத் தஞ்சாவூரில் ஒரு ஏசி மண்டபத்தில் பயிற்சி நடந்தது. பாடம் எடுக்க வந்தவர், “உங்க ஊருக்கு நீங்கதான் முதலமைச்சர்” என்று ஆரம்பித்தார். மாநிலத்தில் முடங்கிக் கிடந்த அதிகாரம் கிராமத்துக்கு வர வேண்டும் என்று நாடு எப்போதோ அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டது; இருபத்தொன்பது விஷயங்கள் ஊராட்சிகளுக்கு உரியவை என்று அதில் எழுதியிருக்கிறது என்றார். விவசாயம், சிறு பாசனம், மீன்வளம், சாலை, பாலம், பள்ளிக்கூடம், நூலகம் என்று அவர் அடுக்க அடுக்க, ராஜராஜன் கச்சேரி கேட்கிறவர் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டில் இரண்டு இனிப்பு. திரும்பும்போது கையில் ஒரு பை, பைக்குள் ஒரு கையேடு, ஒரு தொப்பி.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அனுராதாவிடம் சொன்னார்: “இருபத்தொம்பது அதிகாரம், தெரியுமா?”

அனுராதா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். “அத்தனையுமா உங்களுக்கு?”

“சட்டத்துலயே இருக்கு.”

“அதுல ஒண்ணை எடுத்து நம்ம வாசல் லைட்டை எரிய வைங்க. தீபாவளியிலேருந்து இருட்டாக் கெடக்கு.”

மறுநாள் காலையில் முதலமைச்சர் தம் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் செயலர் சதீஷைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார். சதீஷ் நல்ல பையன். தலைவர்கள் வருவார்கள் போவார்கள், செயலர் இருப்பார் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே புரிந்துகொண்டவன்.

“பல்பு நம்மளுது தலைவரே. உடனே வாங்கிடலாம்” என்றான். “ஆனா கம்பம் நம்மளுது இல்ல. ஒயரும் நம்மளுது இல்ல. மேல ஏறுறதுக்கு அவங்க ஆளு வரணும்.”

ஆக, டெல்லியிலிருந்து கிளம்பிய அதிகாரம் மேலநங்கைச்சேரியில் பல்புவரை வந்து சேர்ந்திருந்தது. அடுத்த சில மாதங்களில் மற்றவையும் விளங்கின. குளம் ஊராட்சிக்குச் சொந்தம். குளத்துக்கு வருகிற தண்ணீர் சொந்தமில்லை. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றலாம், ஓடு மாற்றக் கூடாது. ரேஷன் கடை வரிசையில் யாராவது சண்டை போட்டால் விலக்கிவிடலாம். சுடுகாடு மட்டும் முழுக்க முழுக்க ஊராட்சியுடையது. அதில் யாரும் பங்கு கேட்டு வரவில்லை.

இதற்கெல்லாம் ராஜராஜன் பெரிதாக வருத்தப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்திரிகைகளில் இப்போது ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ என்று வந்தது. காதுகுத்து, வளைகாப்பு, ஃபிளெக்ஸ் பேனர் எல்லாவற்றிலும் கும்பிட்டபடி நின்றார். அலுவலகத்துக்குச் சொந்தச் செலவில் ஒரு சுழல் நாற்காலி வாங்கி, முதுகுக்கு வெள்ளைத் துண்டு போட்டு வைத்தார். அதில் அவர் இல்லாதபோது யாரும் உட்காரக் கூடாது. அவர் இருக்கும்போதும் அதில் உட்கார்வதைத் தவிர வேறு வேலை அதிகமில்லை.

தொல்லை நரியன் வடிகாலில் இருந்து வந்தது.

நரியன் வடிகால் என்பது ஊருக்குக் கிழக்கே, பள்ளத்தில் ஓடும் வாய்க்கால். ஓடும் என்று சொல்வது ஒரு பழக்கத்தில்தான். மழைக்காலத்தில் வயல்களில் மிஞ்சுகிற தண்ணீர் அதில் வடிந்து, தார்ச்சாலைக்கு அடியில் உள்ள குழாய்ப் பாலத்தின் வழியாக நுழைந்து, கடல் பக்கம் போக வேண்டும். வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. கரை முழுக்கக் காட்டாமணக்கு. பாலத்தில் இருந்தது மாட்டுத் தலை நுழையாத அளவுக்கு ஒரே ஒரு குழாய். அதற்குள்ளும் பாதிக்கு மேல் சேறு. கீழத் தெரு வீடுகளும் அதைச் சுற்றியுள்ள குத்தகை நிலங்களும் ஒவ்வொரு ஐப்பசியிலும் மிதந்தன.

கிராம சபை கூடும்போதெல்லாம் கீழத் தெரு ஞானாம்பாள் எழுந்து நிற்பாள். குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாகுபடி செய்கிறவள். புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலை. “நரியன் வடிகாலை வெட்டணும்” என்பாள். ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறும். சதீஷுக்கு அந்தத் தீர்மானம் மனப்பாடம். தேதியை மட்டும் மாற்றுவான். ஒரு தடவை அதையும் மறந்துவிட்டதால், சுதந்திர தினக் கூட்டத்தில் ‘இன்று மே தினத்தன்று கூடிய இந்தச் சபை’ என்று ஒரு தீர்மானம் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனது. அங்கே யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க வேண்டுமானால் படிக்க வேண்டும்.

பதவிக்காலம் முடியும் வருஷம். கார்த்திகையில் மழை மூன்று நாள் விடாமல் ஊற்றியது. சம்பாப் பயிர் தலை தெரியாமல் மூழ்கியது. கீழத் தெருவில் அடுப்படிக்குள் தவளை வந்தது. ராஜராஜனின் நிலம் மேட்டில் இருந்ததால் அவருக்கு மழை ஒரு செய்தியாகத்தான் வந்தது. அதையும் வாட்ஸப்பில்தான் பார்த்தார்.

மழை விட்ட காலையில் அவர் அலுவலகத்துக்குப் போனபோது வாசலில் கீழத் தெருப் பெண்கள் நின்றார்கள். உள்ளே அவருடைய நாற்காலியில், வெள்ளைத் துண்டின் மேல், அழுகிய பயிர் ஒரு கட்டு கிடந்தது. சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் குமட்டியது.

“இது யாரு வேலை?” என்று கத்தினார்.

“என் வேலைதான்” என்று ஞானாம்பாள் முன்னால் வந்தாள். “எங்க பேச்சு உங்களுக்குக் கேக்கல, பயிரே நேர்ல வந்திருக்கு. தீர்மானத்தை அதுகிட்டப் படிச்சுக் காட்டுங்க தலைவரே. கேட்டுட்டு நிமிருதான்னு பாப்போம்.”

பெண்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பயிர் அழுகியது அவரைச் சுட்டதா, நாற்காலி பாழானது சுட்டதா என்று கேட்டால், முதல் நாள் நாற்காலிதான் என்று சொல்ல வேண்டும். அந்தக் கோபத்தோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகக் கிளம்பினார்.

முதலில் வாய்க்கால்களைப் பார்க்கிற அலுவலகம். அங்கே இருந்த உதவிப் பொறியாளர் ஹரிஹரசுப்ரமணியன் சாது. உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார். பிறகு பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“தலைவர், நரியன் எங்க பதிவேட்டுல பாசன வாய்க்கால்னு இருக்கு. வயலுக்கு வர்ற தண்ணின்னா எங்க பொறுப்பு. நீங்க சொல்றது வயல்லேருந்து போற தண்ணி. அது வேற செக்‌ஷன்.”

“சார், வந்த தண்ணிதானே போவுது?”

“நியாயந்தான்” என்று மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டார் ஹரிஹரசுப்ரமணியன். “காபி இன்னொண்ணு சொல்லட்டுமா?”

அந்த வேறு செக்‌ஷனில், அடைப்பு பாலத்தில்தான் என்பதால் சாலைக்காரர்களைப் பார்க்கச் சொன்னார்கள். சாலைக்காரர்கள், பாலத்துக்கு மேலே போகிற பஸ் தங்களுடையது, கீழே போகிற தண்ணீர் தங்களுடையதல்ல என்றார்கள். கரையில் உள்ள காட்டாமணக்கையாவது வெட்டலாமா என்று கேட்கப் போன இடத்தில், கரை அரசுப் புறம்போக்கு, வெட்டுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்றார்கள். நூறு நாள் வேலை ஆட்களை இறக்கலாமா என்று சதீஷ் பார்த்தான். அந்த வாய்க்கால் ஊராட்சியுடையது என்று கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்றிய அலுவலகத்தில், எஸ்டிமேட் போட்டு வைத்தால் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த ஆண்டு வரைக்கும் தண்ணீர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அதற்கு மறுநாள், வெள்ளச் சேதம் பார்க்க மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதாகத் தகவல். வருவதற்குள் சாலையோரம் சுண்ணாம்பு போட்டார்கள். ராஜராஜன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மனு. கூடவே அனுராதாவும் வந்தாள். ஞானாம்பாளும் கீழத் தெருவும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள்.

கார்கள் வரிசையாக வந்து நின்றன. இறங்கியவர்கள் புத்தம்புது ரப்பர் பூட்ஸோடு வயல் ஓரத்தில் நின்று மூழ்கிய பயிரைப் பார்த்தார்கள். கூட வந்தவர்கள் ஒரு பயிரைப் பிடுங்கி அவர்கள் கையில் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு வருத்தமாகப் பார்ப்பதைப் பலபேர் படம் எடுத்தார்கள். ராஜராஜன் மனுவை நீட்டிக்கொண்டு முன்னால் போனார். ஒரு இளம் போலீஸ்காரர் நெஞ்சில் கை வைத்துத் தடுத்தார்.

“யாருங்க நீங்க?”

“ஊராட்சி மன்றத் தலைவர்.”

“இருக்கட்டும். தள்ளி நில்லுங்க. பாஸ் இருக்கிறவங்க மட்டும்தான்.”

“இது என் ஊருங்க.”

“அதான் சொல்றேன், ஊர்க்காரங்க எல்லாம் அந்தப் பக்கம்.”

கார்கள் போய்விட்டன. ராஜராஜன் கீழே விழுந்த மனுவைப் பொறுக்கினார். அதில் ஒரு ரப்பர் பூட்ஸின் அச்சு அழகாகப் பதிந்திருந்தது. ஞானாம்பாள் அவரைப் பார்த்தாள். ‘ச்சு’ கொட்டிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வீட்டுக்கு நடந்தாள். அவள் திட்டியிருந்தால் அவர் பதிலுக்குத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார். அவள் பரிதாபப்பட்டாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

வீட்டு வாசலில் அனுராதா, “பாவம், அந்தப் பையனுக்கு உங்களத் தெரியல” என்றாள்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பொக்லைன் வந்தது. அறுவடை மெஷின் வைத்திருப்பவருக்குப் பொக்லைன் வைத்திருப்பவர் பழக்கம்தானே. வாய்க்காலில் இறங்கி ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போட்டது. கரையோடு சேர்ந்து காட்டாமணக்கும் போனது. பாலத்துக்கு இரண்டு பக்கமும் சுத்தமான பிறகும் தண்ணீர் நகரவில்லை. அடைப்பு பாலத்தின் குழாயில்தான் இருந்தது.

“பாலத்தை ஒடைப்பா” என்றார் ராஜராஜன்.

டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான். “ரோட்டை ஒடச்சா கேஸு எம்மேல வரும்ணே. என்னால முடியாது.”

சுற்றி நின்ற கூட்டம் தலைவரைப் பார்த்தது. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷினில் ஏறினார். இளவயதில் ஓட்டியவர்தான், ஆனால் அந்தக் காலத்து மெஷின் வேறு. லீவரை இழுத்ததும் மெஷினின் கை வாய்க்கால் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் சுற்றி, அந்தச் சாலை எந்தத் திட்டத்தில் போடப்பட்டது என்று விளக்கும் பலகையைச் சாய்த்தது. கூட்டம் சிதறியது. இரண்டாவது தடவை சரியாக விழுந்தது. தார் பிளந்து, ஜல்லி சரிந்து, சிமெண்ட் குழாய் சொத்தைப் பல் மாதிரி வெளியே வந்தது. ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கறுப்பாக, நுரையாக, அத்தனை நாள் தேங்கிய தண்ணீரும் ஒரே மூச்சாகப் புறப்பட்டது. அந்தச் சத்தத்தில் யார் என்ன கத்தினார்கள் என்று கேட்கவில்லை. ராஜராஜன் மெஷினிலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் சொல்லி ஒன்று நகர்ந்திருந்தது.

இரண்டு நாளில் கீழத் தெரு வடிந்தது. ஞானாம்பாளின் நிலத்தில் பாதிப் பயிர் அழுகிப் போயிருந்தது. பாதி தலையைத் தூக்கியது. அவள் ஒரு தூக்கு நிறையக் கெண்டை மீன் குழம்பு கொண்டுவந்து அனுராதாவிடம் கொடுத்துவிட்டு, “தலைவருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊர் முழுக்கக் கொண்டாடியது என்று எழுத ஆசைதான். ஆனால் சாலை உடைந்ததால் மினி பஸ் நின்றுபோனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உடைப்பில் போட்ட தென்னைமரத்தின் மேல் நடந்தார்கள். பால் வண்டி வரவில்லை. மேலத் தெருவில் ஒரு நிறைமாதக்காரியை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு உடைப்பைத் தாண்ட வேண்டியிருந்தது. நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தாள், ஆனால் அவள் மாமியார் ராஜராஜன் வீட்டு வாசலில் நின்று விட்ட வசவை அனுராதா இன்னும் வார்த்தை மாறாமல் சொல்லுவாள். கீழத் தெருவுக்குத் தெய்வம், மேலத் தெருவுக்குப் பேய் என்று அவர் ஒரே சமயத்தில் இரண்டு பதவி வகித்தார்.

அப்புறம் ஆரம்பித்தது வேடிக்கை. ஐந்து வருஷமாகச் சொந்தக்காரர் இல்லாமல் அனாதையாகக் கிடந்த நரியன் வடிகாலுக்கு ஒரே வாரத்தில் அத்தனை சொந்தக்காரர்களும் முளைத்தார்கள். தங்களுக்குச் சொந்தமான பாலத்தை இடித்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ். தங்கள் கட்டுப்பாட்டில் உள்ள வாய்க்காலை அனுமதியின்றித் தூர் வாரியதற்கு ஒரு நோட்டீஸ். புறம்போக்குக் கரையிலிருந்து அரசுக்குச் சொந்தமான மண்ணை அப்புறப்படுத்தியதற்கு ஒன்று. கூடவே, அரசு விளம்பரப் பலகையைச் சேதப்படுத்தியதற்குப் போலீஸில் ஒரு புகார். ஆகாயத்தாமரைக்கு மட்டும் யாரும் உரிமை கோரவில்லை. அதுவும் ஒருவேளை தபாலில் வந்துகொண்டிருந்திருக்கலாம்.

கடைசியாகப் பெரியது வந்தது. ஊராட்சிச் சட்டத்தின் இருநூற்றைந்தாம் பிரிவின் கீழ் அவரை ஏன் பதவி நீக்கம் செய்யக் கூடாது என்று கேட்டிருந்தது. ராஜராஜன் பயிற்சியில் கொடுத்த கையேட்டைத் தேடி எடுத்துப் புரட்டினார். கொடுக்கிற இருபத்தொன்பது அதிகாரத்தைப் பற்றி மண்டபத்தில் அத்தனை நேரம் பேசியவர், எடுக்கிற ஒரு அதிகாரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லையே என்று நினைத்தார்.

சட்டப்படி தாசில்தார் வந்து ஊராட்சி மன்றக் கூட்டம் போட்டு உறுப்பினர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். கூட்டத்தன்று அலுவலகத்துக்கு வெளியே பாதி ஊர் நின்றது. உள்ளே தாசில்தார் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ராஜராஜன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் துணைத் தலைவரைப் பார்த்தார்கள். மருமகன் தோற்ற கதையை ஊர் மறக்கவில்லை. தலைவரை நீக்கினால் மிச்சக் காலத்துக்குப் பொறுப்பு யாருக்கு வரும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

மீரா உசேன் நோட்டீஸ்களை வாங்கி மூன்று தடவை படித்தார். தாசில்தாரே கடிகாரத்தைப் பார்க்கும்வரை படித்தார்.

“ரோட்டை ஒடச்சது தப்புங்க” என்றார். “எம் பேரன் ஸ்கூலுக்குத் தென்னைமரத்து மேல நடந்து போறான். அதை எழுதிக்குங்க.”

ராஜராஜன் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆனா ஒண்ணு. இந்த வாய்க்கால் யாருதுன்னு நாங்க அஞ்சு வருஷமாத் தேடினோம். எந்த ஆபீஸ்லயும் எங்களுது இல்லேன்னாங்க. இன்னிக்கி எல்லாரும் எங்களுதுதான்னு முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காங்க. இவர் ஒடைக்காம இருந்தா இந்தக் காயிதம் நமக்குக் கெடச்சிருக்குமா? அதையும் எழுதிக்குங்க. நீக்க வேண்டாம்ங்கிறது என் கருத்து.”

வெளியே சன்னலோரம் நின்ற ஞானாம்பாள் கையைத் தட்டினாள். தாசில்தார் அமைதியாக இருக்கும்படி சொன்னார். ஆனால் எழுதிக்கொண்டார். மற்ற உறுப்பினர்களும், பாய் சொன்னதுதான் எங்கள் கருத்து என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். மன்றம் ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தது. இந்தத் தடவை சதீஷ் அதைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் ராஜராஜன் மீரா உசேனின் கையைப் பிடித்துக்கொண்டார். “பாய், நீங்க இப்படிச் சொல்வீங்கன்னு நெனைக்கல.”

“நானும் நெனைக்கல தம்பி” என்றார் மீரா உசேன். “ரெண்டாவது தடவ படிக்கும்போது உங்கள நீக்கிடலாம்னுதான் இருந்தேன்.”

அறிக்கை மேலே போனது. மேலே போன அறிக்கைகளுக்கு உரிய நிதானத்தோடு அங்கே படுத்தது. அதற்குள் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் தள்ளிப்போனதால், மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போக, ஊராட்சிகளை அதிகாரிகளே தனி அலுவலர்களாக இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடானது. கிராமத்துக்கு வந்த அதிகாரம் கொஞ்சநாள் தங்கிவிட்டு ஊர் திரும்பியது. பொங்கல் கழிந்து ஒருநாள் ராஜராஜனுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது: அன்னார் தற்போது பதவியில் இல்லாத காரணத்தால் அவரைப் பதவி நீக்கம் செய்யும் நடவடிக்கை கைவிடப்படுகிறது. அனுராதா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “இருந்திருந்தா நீக்கியிருப்பாங்களாக்கும்” என்றாள்.

ஆடிக்கு முன்னால் உடைந்த இடத்தில் அகலமான புதுப்பாலம் எழும்பியது. நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். திறப்பு விழாவில் ராஜராஜன் பந்தலுக்கு வெளியே மீரா உசேனோடு நின்று, பாலம் யாருடைய பெருமுயற்சியால் வந்தது என்று பேச்சாளர்கள் விளக்குவதைக் கேட்டார். அவர்கள் சொன்ன பெயர்களில் இருந்த யாரும் பொக்லைன் ஓட்டத் தெரிந்தவர்களில்லை.

பலகையை இடித்த வழக்கு மட்டும் இன்னும் கோர்ட்டில் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அவர் போய் வருகிறார். சாட்சிக்கு ஹரிஹரசுப்ரமணியனையும் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்து, ஆளுக்கொரு காபி குடித்துக்கொண்டு, பேர் கூப்பிடக் காத்திருப்பார்கள். போன தடவை ஹரிஹரசுப்ரமணியன் குரலைத் தாழ்த்தி, “நீங்க ஒடைச்ச எடம் சரியான எடம் தலைவர்” என்றாராம். “சாட்சிக் கூண்டுல இதைக் கேக்க மாட்டாங்க. அதான் இங்க சொல்றேன்.”

அடுத்த தேர்தலில் மேலநங்கைச்சேரி பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. கீழத் தெருப் பெண்கள் ஞானாம்பாளை முன்னால் விட்டுக்கொண்டு வந்து, அனுராதா நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். ராஜராஜனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. தலைவியின் கணவர் என்ற பதவிக்குச் சட்டத்தில் இடமில்லை, நீக்கவும் முடியாது. மாவட்டத்தில் எத்தனையோ பேர் அந்தப் பதவியில் சௌகரியமாக இருக்கிறார்கள்.

அனுராதா வந்தவர்களுக்கு மோர் கொடுத்தாள். “யோசிக்கணும்” என்றாள். அவர்கள் போன பிறகு புருஷனிடம் திரும்பி, “நான் நின்னா, நீங்க ஆபீஸ் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது” என்றாள்.

“நோட்டீஸ் ஏதாவது வந்தா?”

“எனக்கு வரட்டும். படிக்கத் தெரியும்.”

மறுநாள் அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மேலத் தெருவுக்குப் போனாள். முதல் வீடாக, தன் வாசலில் நின்று வசவு விட்ட அந்த மாமியாரின் வீட்டுக்கே போய், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பஸ் இப்போதெல்லாம் நேரத்துக்கு வருகிறதா என்று பேச்சை ஆரம்பித்தாள். ராஜராஜன் அன்றைக்கு டிராக்டரோடு உழவுக்குப் போயிருந்தார்.